போனது டர்போவா, ரப்பர்க் குழாயா?

மேடு ஏறும்போது டீசல் கார் திடீரென்று திணறுகிறது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடுவதில்லை. பின்னால் கரும்புகை எழும்புகிறது. மறுநாள் பட்டறைக்குப் போனால், "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒரே வரியில் தீர்ப்புக் கிடைக்கிறது. செலவோ பல ஆயிரம் ரூபாய்! இந்தத் தீர்ப்பு எப்போதும் சரிதானா?

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்று அதிகமாக எழுவதற்குக் காரணம் உண்டு.

மலிவு டீசலின் காலம்

2012-ம் ஆண்டு மே மாதக் கடைசியில், டில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 73 ரூபாய். டீசல் சுமார் 41 ரூபாய். டீசல் விலையைச் சர்க்கார் கட்டுப்படுத்தி வந்ததால் இவ்வளவு வித்தியாசம். நடுத்தரக் குடும்பத்தினரும் டீசல் கார்களை நாடினார்கள். 2014 அக்டோபரில் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி "பாரத் 6" புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. அதற்கேற்ப டீசல் என்ஜினை மாற்றினால் சிறிய கார்களின் விலை கட்டுப்படியாகாது என்று மாருதி கம்பெனி டீசல் கார்களையே கைவிட்டது.

விளைவு என்ன? மலிவு டீசல் காலத்தில் வாங்கிய கார்கள் பத்து வயதைத் தாண்டிவிட்டன. பல கார்கள் கை மாறிவிட்டன. அதே மாதிரிப் புதிய கார் வாங்க நினைத்தாலும் சந்தையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆகவே, இருப்பதைப் பழுது பார்த்து ஓட்ட வேண்டியிருக்கிறது. தவறான பழுதுக்குச் செலவழித்தால், காரின் விலையில் ஒரு பங்கே கரைந்துவிடும்.

டர்போ செய்வது என்ன?

ஸ்விட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி 1905-ம் ஆண்டில் பேட்டன்ட் பெற்ற யோசனை இது. என்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது!

காற்று நிறையக் கிடைத்தால் டீசல் நன்றாக எரியும், சக்தி பெருகும். காற்றுக் குறைந்தால் சக்தி குறையும்; கரும்புகை வரும். ஆக, கார் திணறுவது காற்றுப் பற்றாக்குறைக்கு அடையாளம். டர்போ செத்துவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி ஆகாது.

காற்று எங்கே போகிறது?

முதலில் ஏர் பில்டர். அது தூசியால் அடைத்திருந்தால் டர்போவுக்கே காற்றுக் கிடைக்காது.

அடுத்தது ரப்பர்க் குழாய்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் காற்று இவற்றின் வழியாகவே போகிறது. வயதாக ஆக இவை வெடிக்கும், கிளிப் தளரும். வேகம் எடுக்கும்போது "உஸ்" என்ற சத்தம் கேட்டாலோ, குழாயின் வெளிப்புறம் எண்ணெய் கசிந்திருந்தாலோ அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வாக்குவம் டியூப். பல பழைய கார்களில் இது இற்று விரிசல் விட்டால் போதும், டர்போ சரியாக வேலை செய்யாது. கையால் இயக்கும் சிறு வாக்குவம் பம்பைப் பொருத்தினால், டர்போவின் கட்டுப்பாட்டுக் கம்பி அசைகிறதா என்று சில நிமிஷங்களில் பார்த்துவிடலாம். அசையாவிட்டால், டர்போவுக்குள் கரி படிந்து தகடுகள் இறுகியிருக்கலாம். சுத்தம் செய்தாலே அது சரியாவதும் உண்டு.

கம்ப்யூட்டர் கருவியைப் பொருத்தினால் "பி 0299" என்ற எண் வரக்கூடும். காற்றின் அமுக்கம் போதவில்லை என்பதே அதன் பொருள். குற்றம் நடந்ததை அந்த எண் சொல்லும்; குற்றவாளியைக் காட்டாது. அதைப் பார்த்த மாத்திரத்தில் டர்போவை மாற்றுவது, நாடி பார்க்காமல் ஆபரேஷன் செய்வது போன்றது.

டர்போவே போயிருந்தால்?

அதுவும் நடப்பதுதான். நீலப் புகை, குறையும் என்ஜின் ஆயில், உலோகம் உரசும் சத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது காரை ஓட்டவே கூடாது. டர்போ வழியாக ஆயில் உள்ளே புகுந்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் டீசல் என்ஜின் தறிகெட்டு ஓடும் அபாயம் உண்டு.

டர்போ தானாகச் சாவது அபூர்வம். ஆயிலை உரிய காலத்தில் மாற்றாததும், ஆயில் வரும் குழாய் அடைத்துக்கொள்வதுமே பெரும்பாலும் அதைக் கொல்கின்றன. காரணத்தைக் களையாமல் புது டர்போவைப் பொருத்தினால் அதுவும் சீக்கிரமே போய்விடும். இரட்டை நஷ்டம்!

ஆகையால், "மாற்ற வேண்டும்" என்று பட்டறையில் சொன்னதும் கார்ச் சொந்தக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. குழாய்களைச் சோதித்தாயிற்றா? டர்போ போனதற்குக் காரணம் என்ன? நல்ல மெக்கானிக் இவற்றுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பானெட்டைத் திறந்து காட்டுவார். பதில் சொல்லத் தயங்கினால், பணத்தை எடுக்குமுன் இன்னொரு பட்டறையில் காட்டுவதே புத்திசாலித்தனம்.