தேமா, புளிமா, தாம்பரம்

நம்முடைய பிள்ளைகளுக்கு யாப்பிலக்கணம் சொல்லிக் கொடுக்கிற முறை, பாட்டைக் கொல்லுகிற முறை என்பது என் கட்சி.

வெண்பாவுக்கு என்ன ஓசை என்று கேட்டால் 'செப்பலோசை' என்று பட்டென்று எழுதிவிடுகிறான் பையன். மார்க்கும் வந்துவிடுகிறது. அந்தச் செப்பலோசை எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பான். பாவம், அவன் காதுபட ஒருவரும் ஒரு வெண்பாவை வாய்விட்டுப் படித்ததில்லை. ஓசையே கேளாதவனுக்கு அலகு என்ன, வாய்பாடு என்ன? தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று அவன் ஒப்பிப்பதற்கும் ஈரெட்டுப் பதினாறுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. காரிகை கற்பதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே அலுத்துக்கொண்டார்கள். பேரிகைக்காவது காது வேண்டும்!

இத்தனைக்கும் யாப்பைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வருகிற மின்சார ரயிலில் ஏறினால் போதும். தாம்பரம்: நேர், நிரை, கூவிளம். மாம்பலமும் அப்படியே, போதாக்குறைக்கு இரண்டும் எதுகை. விளத்துக்குப் பின்னால் நேர் வரவேண்டும் என்பது வெண்பாவின் சட்டம். 'மாம்பலம் தாம்பரம்' என்று சொல்லும்போது சட்டமும் நிற்கிறது, காதும் குளிர்கிறது. குரோம்பேட்டை புளிமாங்காய். காய்க்குப் பின்னும் நேர்தான். ஆகவே 'குரோம்பேட்டை தாம்பரம்' என்று வெண்பாவில் வரலாம். 'தாம்பரம் குரோம்பேட்டை' என்று திரும்பிப் போக முடியாது! பல்லாவரமோ தேமாங்கனி, கனிச்சீருக்கு வெண்பாவில் இறங்க இடமே கிடையாது. இவற்றை உரக்கச் சொல்லிப் பழகட்டும். எங்கே தட்டுகிறது என்று நாளடைவில் காதே சொல்லிவிடும். விதியைப் பிறகு சொன்னால் போதும்.

இதைக் கேட்டு, விதியே கவிதைக்கு விலங்குதான் என்று புதுக்கவிதைக்காரர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டாம். தாம்பரத்தில் இருக்கிற கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல்தான் அங்கே வந்தது. அதற்கு முன் அது பட்டணத்தில் இருந்த நாளில், அங்கே தமிழ் போதித்தவர் பரிதிமாற் கலைஞர். இங்கிலீஷ் ஸானெட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் 14 அடிப் பாட்டுகள் எழுதினார். 'தனிப்பாசுரத் தொகை' அப்படிப் பிறந்தது. 1903-ல் காலமானபோது அவருக்கு வயது 33. பழைய இலக்கணம் காதில் ஊறியிருந்த மனிதர். அதனால்தான் அந்நிய வடிவத்தை அஞ்சாமல் தொட்டார். விலங்கென்று யாப்பைத் தூக்கி எறிந்தவர் அல்லர்.

'அலகிட்டு வாய்பாடு தருக' என்று கேட்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கட்டும். ஒரு குறளில் ஒரு சீரை மட்டும் மாற்றி வைத்து, எந்த இடத்தில் ஓசை கெடுகிறது என்று கேட்கட்டும். அதையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்துவிடுவான் என்பார்கள். நல்லதாயிற்று, அந்தச் சாக்கிலாவது நூறு குறள் அவன் வாயில் புரளும். விடைத்தாள் திருத்துவது கஷ்டம் என்பார்கள். கஷ்டந்தான், திருத்துகிறவரும் வாய்விட்டுப் படிக்க வேண்டியிருக்கும்.