30 டிகிரி வெயிலில் பனிக்கட்டி!

ஐப்பசி மழையில் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஏ.டி.ஆர். விமானத்தில் போகிறவர்கள், ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இறக்கையைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன் முன்விளிம்பு நெடுகக் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஓடும். அழகுக்காக ஒட்டியது அல்ல. பனிக்கட்டி படிந்தால் அந்த ரப்பர் காற்றடைத்து உப்பும். கட்டி உடைந்து உதிரும்.

காவிரி டெல்டாவில் பனிக்கட்டியா என்று சிரிக்க வேண்டாம். தரையில் மார்கழிப் பனிக்கு மேல் எதுவும் இல்லைதான். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நேர் மேலே சுமார் 5 கிலோமீட்டர், அதாவது 16,000 அடி உயரம் போனால் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிடும். எப்போதாவது இங்கே விழும் ஆலங்கட்டிகூட அந்த உயரத்தில் உருவாவதுதான். அங்குள்ள மேகங்களில் நீர்த்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகும் உறையாமல், தண்ணீராகவே மிதக்கும். ஏதாவது ஒன்று வந்து மோதினால் போதும், மோதிய இடத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

விமானத்தில் அப்படி முதலில் சிக்கும் இடங்களில் ஒன்று புரொப்பெல்லர். பிளேடின் விளிம்பு மெல்லியது என்பதால் பனி சட்டென்று பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பிளேடின் வடிவம் கெடும், இழுக்கும் சக்தி குறையும். ஒரு பிளேடில் உதிர்ந்து இன்னொன்றில் ஒட்டியிருந்தால் சமநிலை போய் விமானமே அதிர ஆரம்பிக்கும். மெல்லிய பிளேடில் இறக்கையைப் போல உப்பும் ரப்பர் சரிப்படாது. அதனால் மின்சாரச் சூடு. பிளேடின் அடிப்பகுதியில் கம்பிச்சுருள் புதைத்த பட்டையை ஒட்டி, முறைவைத்துச் சில விநாடிகள் சூடேற்றுவார்கள். பனியின் அடிப்பரப்பு மட்டும் இளகும். மிச்ச வேலையைச் சுழற்சியே பார்த்துக்கொள்ளும், வீசி எறிந்துவிடும். பிளேடின் நுனிக்குச் சூடு தேவைப்படுவதில்லை. அங்கே வேகம் மிக அதிகம், பனி அவ்வளவாக ஒட்டாது.

சுழன்றுகொண்டே இருக்கும் ஒன்றுக்குக் கரண்ட் எப்படிப் போகிறது? இதற்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தால் “கார்பன் தேஞ்சு போச்சு” என்பாரே கடைக்காரர், அதே கார்பன் பிரஷ்தான். புரொப்பெல்லருக்குப் பின்னால் சுழலும் வளையத்தை உரசியபடி அது மின்சாரத்தைக் கடத்துகிறது. சில சிறிய விமானங்களில் சூடே கிடையாது. ஒரு குட்டித் தொட்டியில் ஆல்கஹால் அல்லது கிளைக்கால் கலவை இருக்கும். அதைப் பிளேடின் அடியில் சொட்டவிட்டால், சுழற்சியில் விளிம்பு நெடுக வழிந்து பனியை ஒட்டவிடாமல் செய்யும்.

தஞ்சாவூர் விமானதளத்தில் இப்போது இருப்பவை சுகோய்-30 போர் விமானங்கள். 2020 ஜனவரியில் வந்த அந்தப் படைப்பிரிவுக்குப் புரொப்பெல்லர் கவலை கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இதே ஊரிலிருந்து சென்னைக்கு வாயுதூத் பயணிகள் விமானம் பறந்தது. கூட்டம் சேராமல் அது நின்றுபோனது. இன்றைய பேருந்து நெரிசலைப் பார்க்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, இரண்டு பேர், நான்கு பேர் போகிற குட்டி விமானங்கள்? பெரும்பாலானவற்றில் பனி நீக்கும் கருவியே கிடையாது. பனி இருப்பது தெரிந்தால் அந்த மேகத்துக்குள் போகக்கூடாது என்பதுதான் அவற்றுக்கான விதி. தமிழ்நாட்டில் இவை வழக்கமாகப் பறப்பது 10,000 அடிக்குக் கீழேதான். புரொப்பெல்லரில் பனி பிடிக்க வழியில்லை.

ஆனால் பனி வேறு வழியாக வருகிறது. அதுவும் வெளியிலிருந்து அல்ல, இன்ஜினே தயாரித்துக்கொள்கிறது.

பழைய வகை இன்ஜின்களில் கார்புரேட்டர் இருக்கும். 2020-க்கு முந்தைய பைக் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்று ஒரு குறுகலான வழியில் நுழைகிறது. கல்லணை மதகில் தண்ணீர் சீறுவதுபோல அங்கே காற்றின் வேகம் கூடும். அழுத்தமும் வெப்பமும் குறையும். அதே இடத்தில் பெட்ரோல் தெறித்து ஆவியாகிறது. கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்கிறதல்லவா? மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். இரண்டும் சேர்ந்து கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல்கூட இறங்கலாம். வெளியே 25 டிகிரி என்றால் உள்ளே உறைநிலைக்கும் கீழே!

காய்ந்த காற்றாக இருந்தால் பாதகமில்லை. டெல்டாவின் காற்று அப்படியா? சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், 5,000 அடி உயரத்தில் சுமார் 20 டிகிரியும் நிறைய ஈரமும் இருக்கும். கார்புரேட்டர் பனிக்கு இதைவிடத் தோதான வானிலை வேண்டியதில்லை. வானம் தெளிவாக இருக்கும், மேகம்கூட இருக்காது. காற்று நுழையும் தொண்டையில் மட்டும் பனி மெல்லப் படிந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கும்.

தரையிறங்கும் நேரம்தான் மிக மோசம். விமானி சக்தியைக் குறைக்கும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மிஞ்சும் சின்ன இடுக்கில் குளிர்ச்சி இன்னும் கூடும். இன்ஜின் ஏற்கெனவே மெதுவாக ஓடுவதால் அது திணறுவது காதில் விழாது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் சக்தி தேவைப்பட்டு நெம்புகோலைத் தள்ளினால், பதிலே வராது.

இதற்கு மருந்து விமானியின் முன்னால் இருக்கும் ஒரு குமிழ். இழுத்தால், புகைபோக்கியைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் போகும். ஆனால் இழுத்தவுடன் இன்ஜின் இன்னும் மோசமாகும்! சூடான காற்றில் அடர்த்தி குறைவு. போதாக்குறைக்கு உருகிய தண்ணீரையும் இன்ஜின் விழுங்க வேண்டும். சில நொடிகள் இருமும், உதறும். புதிதாகக் கற்கும் மாணவர் பயந்துபோய்க் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடத் தோன்றும். தள்ளினால் பனி அப்படியே நிற்கும். பொறுத்திருந்தால் இன்ஜின் தானாகத் தெளியும்.

விபத்து நடந்துவிட்டாலும் துப்புத் துலக்குவது கஷ்டம். ஆய்வாளர்கள் வந்து இன்ஜினைப் பிரிப்பதற்குள் குற்றவாளி உருகிப் போயிருக்கும். கார்புரேட்டர் பழுதில்லாமல், சுத்தமாக இருக்கும்.

1990-களின் பிற்பகுதியில் மறுபடி தயாரிப்புக்கு வந்த செஸ்னா 172 விமானங்களில் கார்புரேட்டரே இல்லை. பெட்ரோல் நேராகப் பீய்ச்சப்படுகிறது. அதன் தம்பி செஸ்னா 152 தயாரிப்பு 1985-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் பயிற்சிப் பள்ளிகளில் அது இன்னும் பறக்கிறது, அந்தக் குமிழோடு.