‘அப்படியே’ என்றால் அதற்கும் கூலி உண்டு!

போன சித்திரையில் எங்கள் வீட்டுக் குளியலறையைக் கொத்தி டைல்ஸ் மாற்றினோம். 2 வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். சாமான் எங்களுடையது, கூலி மட்டும் 22,000 ரூபாய் என்று மேஸ்திரியுடன் வாய்வார்த்தையாகப் பேச்சு.

வேலை முடிகிற அன்று அவர் கேட்டதோ 31,000! எனக்குத் தலை சுற்றியது. “என்ன மேஸ்திரி, ஏமாத்தப் பார்க்கறீங்களா?” என்று ஆட்கள் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவர் முகம் கறுத்துப் போயிற்று. கரணையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனவர்தான், 9 நாள் எட்டிப் பார்க்கவில்லை. தரையிலோ வாட்டம் சரியில்லை. தண்ணீர் மூலையில் தேங்கி நிற்கிறது. வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் குளியலறைக்கு வாளி தூக்கினோம்.

“அவன் என்ன கணக்கு சொல்றான்னு கேட்டியாம்மா?” என்றார் மாமியார். அப்புறம்தான் யோசித்தேன். “அப்படியே சுவர்ல ஒரு மாடம் வச்சுடுங்க”, “அப்படியே துவைக்கிற கல்லை உசத்திடுங்க”, “அப்படியே ஜன்னல் பக்கம் உதிர்ந்த பூச்சைப் பூசிடுங்க”. என் மனசில் அதெல்லாம் சும்மா. அவர் நோட்டிலோ 5 நாள் கூலி!

நானும் என் கணவரும் அவர் வீட்டுக்கே போனோம். “ஆளுங்க முன்னால அப்படிப் பேசினது தப்புதான்” என்றேன். “சொன்னப்பவே ரேட் பேசாதது என் தப்பும்மா” என்றார் அவர். கூடுதல் வேலைக்கு 5,000; தரையைத் தன் செலவில் கொத்தி வாட்டம் சரிசெய்வது; தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு பாக்கிப் பணம். இப்படி முடிந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டு வேலைக்கு அவர்தான் வருகிறார்.

சிநேகிதிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வேலைக்கு முன்பே ஒரு நோட்டு போடுங்கள். எந்த வேலை, சாமான் யாருடையது, இடிபாட்டை அள்ளிப்போடுவது யார், எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ‘அப்படியே’ என்று வாயில் வரும்போதெல்லாம், “இதுக்கு எவ்வளவு?” என்று கேட்டு அன்றே குறித்துவிடுங்கள்.

முன்பணத்தை அள்ளிக் கொடுக்காதீர்கள். சனிக்கிழமை பட்டுவாடாவை, முடிந்த வேலையைப் பார்த்துக் கொடுங்கள். கடைசிப் பங்கைக் கையில் வைத்திருங்கள்.

அதைக் கொடுக்குமுன் ஒரு வாளி தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள். தேங்காமல் ஜலதாரைக்கு ஓட வேண்டும். 4 அடி நீளத்துக்கு முக்கால் அங்குலமாவது சரிவு இருந்தால் நல்லது. டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்று ஓசை கேட்டால் அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை.

குறை கண்டால் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவருக்கும் ஆட்கள் முன்னால் மானம் உண்டல்லவா?

இத்தனைக்கும் மசியாவிட்டால், குறைகளை எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்னை எழுந்து 2 வருஷத்துக்குள் புகார் தர வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் அங்கே நமக்காகப் பேசுவது ரசீதும், போட்டோவும், அந்த நோட்டும்தான்.

பால் கணக்கை நாள் தவறாமல் எழுதுகிற நமக்கு, மேஸ்திரி கணக்கு எழுதுவதா கஷ்டம்?