ஷட்டரில் ஒண்டிய 2

இணையவழித் தொலைபேசி ஒரு வணிகத்துக்குப் பொருந்துமா என்ற வினாவை அதை விற்பவரே எழுப்பி, விடையையும் அவரே சொல்லிவிட்டால், அந்த விடை விலைப்பட்டியலாகத்தான் இருக்கும் என்பதற்கு, இவ்வாரம் திண்டிவனத்தில் நாளிதழ் மடிப்பிலிருந்து நழுவி விழுந்த துண்டறிக்கை ஒன்று போதிய சான்று. செலவு பாதியாகும் என்றும் வேகம் 100 எம்பிபிஎஸ் என்றும் கொட்டை எழுத்தில் அறிவித்த அத்தாள், அழைப்பவரைக் காக்கவைக்கும் இசையை இலவச இணைப்பாகவும் சேர்த்திருந்தது. அவ்விசையின்மீது இப்பத்திக்கு உள்ள தீராப் பகையைப் பழைய வாசகர்கள் அறிவார்களாதலால் அது குறித்து இங்கே மீண்டும் பொருமத் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு அதை நிறுத்தித் தருவதாகச் சொல்லியிருந்தால் அந்நிறுவனத்தின் வணிக அறிவைப் பாராட்டியிருக்கலாம்.

இணையவழித் தொலைபேசி என்பது பேச்சை எண்களாக மாற்றி, பொதுவாக ஒரு நொடிக்கு 50 துண்டுகளாக நறுக்கி, மின்னஞ்சலும் திரைப்படமும் போகும் அதே இணைப்பில் அனுப்பி, மறுமுனையில் வரிசைப்படுத்திக் குரலாக்கும் முறை. வழக்கமான தரத்தில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 90 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. எனவே துண்டறிக்கை மார்தட்டும் 100 இங்கே பொருளற்றது. துண்டுகள் சீராக வந்து சேர்கின்றனவா என்பதே பொருட்டு. ஒரு திசையில் 150 மில்லிநொடிக்கு மேல் தாமதம் ஏறாதிருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, ஒருவர் முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திருக்கும் நிலை வரும். உளுந்து விலை பேசும் மண்டியில் அந்த இடைவெளியை எதிர்முனை மறுப்பு என்று எடுத்துக்கொண்டால் சரக்கு வேறு மண்டிக்குப் போய்விடும்.

சட்டத்தில் பெரிய தடை இல்லை. 2002 ஏப்ரல் 1 முதல் வரம்புகளோடு அனுமதிக்கப்பட்டிருந்த இச்சேவை, 2018இல் உரிம விதிகள் திருத்தப்பட்ட பின் நாட்டுக்குள்ளே சாதாரண எண்களோடும் பேசும் உரிமையைப் பெற்றது. மின்சாரம்தான் தடை. பழைய செம்புக் கம்பித் தொலைபேசி, தொலைபேசி நிலையத்து மின்கல அடுக்கிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தன் கம்பி வழியாகவே பெற்றதால், தெருவே இருண்டாலும் கல்லாவில் மணி அடித்தது. இணையவழிக் கருவிக்கோ கடைக்குள் இருக்கும் கண்ணாடியிழைப் பெட்டி, ரவுட்டர், தொலைபேசி ஆகிய அனைத்துக்கும் கடை மின்சாரமே வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்த மாவட்டத்தில், இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும், அதில் ரவுட்டரும் சேர்ந்திருக்கிறதா என்பவை கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்.

இவ்வளவும் சரி, ஆனால் துண்டறிக்கையின் அடிவரி, கடைக்கு இனித் தனித் தொலைபேசியே வேண்டாம், உரிமையாளரின் செல்பேசியே போதும் என்கிறது. எண் என்பது ஆளுக்கா கடைக்கா என்ற பழைய வழக்கு அந்த வரியில்தான் மீண்டும் கிளம்புகிறது.

தரைவழித் தொலைபேசியின் ஊர்க்குறியீடு திண்டிவனத்துக்கு 04147, விழுப்புரத்துக்கு 04146. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இடைவெளி கொண்ட இவ்விரு ஊர்களையும் ஒரே ஓர் இலக்கம் பிரித்தது. முதல் 0 வெளியூர் அழைப்புக்கான அடையாளம். அதை நீக்கிய நான்கு இலக்கங்களோடு ஊருக்குள் வழங்கும் ஆறு இலக்கங்கள் சேர்ந்து பத்தாகும். அந்த ஆறும் முன்பு ஐந்தாக இருந்தது. 2000களின் தொடக்கத்தில் எண்களின் முன்னே 2 சேர்க்கப்பட்டபோது, பெயர்ப்பலகையை முழுதாக மாற்றி எழுதும் செலவை விரும்பாத வணிகர்கள் அந்த ஒற்றை 2ஐ மட்டும் இருக்கும் சந்தில் செருகச் செய்தனர். பழைய ஷட்டர்களில் இன்றும் அதைக் காணலாம்: மற்ற இலக்கங்கள் நீலத்தில் நிமிர்ந்து நிற்க, இந்த 2 மட்டும் கறுப்பில், பேருந்தில் கடைசியாக ஏறியவரைப்போல ஒடுங்கி, தோளைக் குறுக்கி நிற்கும். அண்மை ஊர்களுக்கு 0க்குப் பதிலாக 95 சுழற்ற வேண்டியிருந்த சில ஆண்டுகளும் உண்டு. திண்டிவனத்துக்காரர் விழுப்புரத்தை 954146 என்று அழைத்த அக்காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இப்போது நரைத்திருப்பர்.

அந்த எண் கடையுடையது. கணக்குப்பிள்ளை மாறினாலும், அப்பாவுக்குப் பின் மகன் கல்லாவில் உட்கார்ந்தாலும், எண் மாறவில்லை. தொலைபேசி விவரத் திரட்டில் அது ஊரின் பெயருக்குக் கீழே, கடையின் பெயருக்கு நேராக அச்சாகியிருந்தது. செல்பேசி அதைத் தனியாள் சொத்தாக்கியது. பில் புத்தகத்தில் மூன்று எண்கள் அச்சிட்டிருந்தால் ஒன்று முதலாளியுடையது, ஒன்று அவர் மைத்துனருடையது, மூன்றாவது வேலையை விட்டுப் போனவருடையது என்பது கடைத்தெரு அறிந்த நிலவரம்.

இணையவழித் தொலைபேசியின் மெய்யான பயன் இங்கேதான் இருக்கிறது: கடைக்கென ஓர் எண்ணை நிறுத்தி, அதைத் திண்டிவனக் கல்லாவிலும் விழுப்புரக் கிளையிலும் ஒருசேர ஒலிக்கச் செய்து, ஆள் மாறினால் எண்ணைத் தொடாமல் ஆளை மட்டும் மாற்ற அது இடம் தருகிறது. மூன்று பேருக்கு மேல் அழைப்பெடுக்கும் துணிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் இது நல்ல பேரம். ஒற்றை ஆள் நடத்தும் பெட்டிக்கடைக்கு வீண். ஆனால் செல்பேசி எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் எடுத்துச் செல்லும் வசதி 2011இல் நாடு முழுதும் வந்த பிறகும், தரைவழி எண்ணுக்கு அது வரவில்லை. ஆகவே புதிய நிறுவனத்துக்கு மாறுபவர், முப்பது ஆண்டுகளாக ஊர் மனத்தில் பதிந்த எண்ணை விட்டுவிட்டே மாற நேரும். பழைய நிறுவனத்தின் கண்ணாடியிழைக்கே மாறுபவர், எண் தங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இந்தச் செய்திக்குத் துண்டறிக்கையில் ஒரு வரி கூட ஒதுக்கப்படவில்லை.

திண்டிவனத்தில் அண்மையில் புதுச் சாயம் கண்ட ஷட்டர் ஒன்றில் 04147ஓடு ஒண்டியிருந்த 2ம் மறைந்து, மூன்று செல்பேசி எண்கள் பளிச்சென்று எழுதப்பட்டுள்ளன. மூன்றாவது எண்ணுக்கு உரியவர் திருப்பூருக்குப் போய் ஆறு மாதமாகிறது. அழைப்பு வந்தால் இன்னும் எடுக்கிறார், தமக்கு நினைவிருக்கும் விலையையும் சொல்கிறார்.