தங்கமா? தண்ணீரா?



2024-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு இரண்டு நாள்களே இருந்த வேளையில், டிசம்பர் 23 அன்று, மத்திய அமெரிக்காவின் மிகச் சிறிய நாடான எல் சால்வதோரின் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நீக்கியது. மண்ணைத் தோண்டித் தங்கம் முதலிய உலோகங்களை எடுக்கக்கூடாது என்று 2017 மார்ச் மாதத்தில் அதே மன்றம் இயற்றிய சட்டம் அது. நாடு முழுவதும் உலோகச் சுரங்கங்களைத் தடை செய்த முதல் நாடு என்ற பெருமையை அன்று எல் சால்வதோர் பெற்றது. எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் பிறந்த அச்சட்டம், எட்டு ஆண்டுகள் நிறைவடையும் முன்னே மறைந்துவிட்டது.

எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் சட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அச்சட்டம் பிறந்ததில் திருச்சபைக்குப் பெரும் பங்கு உண்டு. அச்சட்டம் காக்க விரும்பியது தண்ணீரை. அதை வீழ்த்தியது தங்கத்தின் மீதான ஆசை. இம்மூன்றும் நமக்குத் தொலைவானவை அல்ல.

புனித ஆஸ்கர் ரொமேரோ இரத்தம் சிந்திய மண் எல் சால்வதோர். அந்நாட்டு ஆயர்கள் 2007-ஆம் ஆண்டிலேயே, உலோகச் சுரங்கங்கள் வேண்டாம் என்று கூட்டாக அறிக்கை விட்டனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் படைப்பைப் பற்றிய சுற்றுமடலை எழுதுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே எழுந்த குரல் அது. இக்குரலை எழுப்பியவர்கள் விலையும் கொடுத்தார்கள். சுரங்கத்தை எதிர்த்து மக்களைத் திரட்டிய மார்செலோ ரிவேரா 2009-இல் கொல்லப்பட்டார். அவரது உடல் ஒரு கிணற்றுக்குள் கண்டெடுக்கப்பட்டது. தண்ணீருக்காகப் போராடியவரின் உடல் கிணற்றிலே!

அதே ஆண்டில், தனக்குச் சுரங்க உரிமம் தரவில்லை என்று கூறி, பசிபிக் ரிம் என்ற கனடா நாட்டு நிறுவனம் அந்த ஏழை நாட்டின் மீது பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தது. கேட்ட இழப்பீடு சுமார் 25 கோடி டாலர். ஏழு ஆண்டுகள் கழித்து, 2016 அக்டோபரில், கோரிக்கை தள்ளுபடியானது. நாட்டின் வழக்குச் செலவுக்காக 80 இலட்சம் டாலரை நிறுவனமே செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பானது. இத்தனைக்கும் பின்னர்தான் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. கத்தோலிக்கப் பேராயர் முன்நின்றார், இயேசு சபையினரின் பல்கலைக்கழகம் துணைநின்றது, எல்லாக் கட்சிகளும் ஒன்றுபட்டன.

சுரங்கத்துக்கும் தண்ணீருக்கும் அப்படி என்ன பகை? தங்கம் கிடைக்கும் பாறைகளில் பெரும்பாலும் கந்தகமும் கலந்திருக்கும். பூமிக்குள் புதைந்து கிடக்கும் வரையில் அதனால் தீங்கில்லை. பாறையை உடைத்து வெளியே கொட்டும்போது, காற்றும் மழைநீரும் அதன் மேல் படுகின்றன. கந்தகம் அமிலமாக மாறுகின்றது. அந்த அமிலம் பாறையிலுள்ள இரும்பு, செம்பு, ஆர்சனிக் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கும் வயலுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேருகின்றது. மண்ணில் ஒரு முறை படிந்த உலோகம் எளிதில் அகலுவதில்லை. சுரங்கத்தை மூடினாலும் இந்த வேதிமாற்றம் நிற்பதில்லை. நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு என்று தொடரும். பொடியாக்கிய பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் சயனைடு நஞ்சு இதற்கு மேல் சேருவது.

எல் சால்வதோரின் கிழக்கே சான் செபஸ்தியான் என்ற ஆறு இதற்குச் சாட்சி. அங்கே தொழிற்சாலை அளவிலான சுரங்கப் பணி நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால் தண்ணீர் இன்றும் மஞ்சளும் செம்மையுமாக ஓடுகின்றது. ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் குடிநீரை விலைக்கு வாங்குகின்றார்கள். தங்கம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், நஞ்சு தங்கிவிட்டது.

தடையை நீக்க முனைந்த அரசுத் தலைவர் நயிப் புக்கேலே, நம் காலடியில் கடவுள் மாபெரும் புதையலை வைத்திருக்கின்றார் என்ற கருத்தை முன்வைத்தார். கடன் சுமை, வேலையின்மை ஆகியவற்றுக்கு இதுவே தீர்வு என்றும், நவீன முறைகளால் மாசு இன்றி எடுக்கலாம் என்றும் சொல்லப்படுகின்றது. வறுமை உண்மைதான், வேலை வேண்டும் என்ற ஏழையின் ஏக்கத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. புதிய சட்டம் பாதரசத்தைத் தடை செய்துள்ளது என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். ஆனால் நவீன முறை என்ற வாக்குறுதிக்கு நாம் எவ்வளவு மதிப்புத் தரலாம்? பிரேசிலின் புருமாதிஞ்ஞோவில் 2019 ஜனவரி 25 அன்று இரும்புச் சுரங்கத்தின் கழிவுத் தேக்கம் உடைந்து சுமார் 270 பேர் சேற்றில் புதையுண்டனர். அதை நடத்தியது உலகின் மிகப் பெரிய சுரங்க நிறுவனங்களுள் ஒன்று. எல் சால்வதோரோ நெருக்கமாக மக்கள் வாழும் சிறு நாடு. தலைநகரின் குடிநீருக்கும் வயல்களுக்கும் லெம்பா ஆற்றையே பெரிதும் நம்பியிருக்கின்றது. அந்த ஒரே ஆறு கெட்டால் மக்கள் எங்கே போவார்கள்?

கடவுள் தங்கத்தை வைத்தார் என்றால், ஆற்றை வைத்தவர் யார்? யோபு நூலின் 28-ஆம் அதிகாரத்தை நாம் வாசிக்க வேண்டும். மனிதர் இருளைத் துளைத்து, பாறையைக் குடைந்து, பொன்னும் வெள்ளியும் தேடுவதை அது வியந்து விவரிக்கின்றது. பின்பு, ஞானம் மட்டும் அங்கே கிடைப்பதில்லை என்று முடிவுக்கு வருகின்றது. தோண்டும் திறமை வேறு, எங்கே நிறுத்துவது என்று அறியும் ஞானம் வேறு.

எல் சால்வதோர் திருச்சபை ஓய்ந்துவிடவில்லை. சுரங்கத்துக்கு எதிராக ஒன்றரை இலட்சம் பேரின் கையொப்பங்களை 2025 மார்ச் மாதத்தில் ஆயர்கள் நாடாளுமன்றத்தில் ஒப்படைத்தார்கள்.

இந்நாட்டின் கதையைக் கேட்கும்போது நம் உள்ளம் கோலாருக்குச் செல்கின்றது. வட ஆற்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்ற நம் தமிழ் மக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கி, நூற்று இருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்துத் தந்தார்கள். கோவில் கட்டி, குடும்பம் வளர்த்து, நுரையீரலில் கல்தூசியையும் சுமந்தார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. ஊருக்கு எஞ்சியவை சயனைடு மேடுகள் என்று மக்கள் அழைக்கும் கழிவுக் குன்றுகள். அளவு சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன். கோடையில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வீசுகின்றது; மழையில் நிலத்துக்கும் நீர்நிலைக்கும் கரைந்து செல்கின்றது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எடுத்த தங்கத்தையும் எஞ்சிய கழிவையும் வகுத்துப் பார்த்தால், ஒரு பவுன் தங்கத்துக்கு ஏறக்குறைய 300 கிலோ கழிவு வருகின்றது. நாம் கழுத்தில் அணிவது எட்டு கிராம். யாரோ ஓர் ஏழையின் வாசலில் நாம் விட்டுவருவது 300 கிலோ. உலகில் மிக அதிகமாகத் தங்கம் வாங்கும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. நம் பங்குகளில் திருமணப் பேச்சு எழும்போது, முதலில் கேட்கப்படுவது எத்தனை பவுன் என்பதுதானே! பெண்ணைப் பெற்றவர்களின் கண்ணீரும், தொலைவில் ஓர் ஆற்றின் கசப்பும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

சுத்தமான குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் தெளிவாகக் கற்பித்துச் சென்றார். அதை ஏற்றுக்கொள்ளும் நாம், நம் இல்லத் திருமணங்களில் பவுன் கணக்கைக் குறைக்கத் துணிவோமா? நம் ஊர் எல்லையில் கல்குவாரிக்கோ மணல் எடுப்பதற்கோ அனுமதி கேட்கப்படும்போது, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அன்பியமாகச் சென்று, எங்கள் கிணறு என்னவாகும் என்று கேட்போமா?

மாராவில் தண்ணீர் கசந்தபோது இஸ்ரயேல் மக்கள் முறையிட்டார்கள். மோசே ஆண்டவரை நோக்கிக் கூப்பிட, நீர் இனிமையானது. அங்கே கசப்பு இயற்கையிலேயே இருந்தது. சான் செபஸ்தியானில் அது மனிதர் கைகளால் வந்தது. மனிதர் கசப்பாக்கியதை மனிதரே மனம் மாறித் தடுக்க வேண்டும். தங்கம் இல்லாமல் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. தண்ணீர் இல்லாமல் ஒரு தலைமுறையும் வாழ்ந்ததில்லை. எல் சால்வதோர் மக்களுக்காகவும் கோலார் மக்களுக்காகவும் இந்த வாரத் திருப்பலியில் மன்றாடுவோம். இறைவன் நமக்கு ஞானம் தருவாராக!