விவாகரத்துக்குப் பின் குழந்தையின் செலவு: எமது சங்கத்தின் நிலைப்பாடு

விவாக பந்தம் நீதிமன்றத்தின் ஆணையால் முறிந்த பிறகும், அந்த விவாகத்தில் பிறந்த குழந்தையின் உணவுக்கும் உடைக்கும் கல்விக்கும் வைத்தியத்துக்கும் தாய் தந்தை இருவரும் தத்தம் வருமானத்தின் விகிதப்படி பொறுப்பாளிகள் என்பதும், அப்பொறுப்பை அளக்கும்போது குழந்தையை உடன் வைத்து வளர்ப்பவரின் அன்றாட உழைப்பும் ஒரு பங்காகவே கணக்கில் ஏற வேண்டும் என்பதும் எமது சங்கத்தின் தீர்மானமான கருத்து.

முற்பகுதிக்குச் சட்டத்தின் ஆதரவு ஏற்கனவே இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, மைனர் குழந்தைகளைப் பராமரிக்கும் கடமையைத் தந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் விதித்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் இருவருமே உத்தியோகத்திலிருந்த ஒரு வழக்கில், இரண்டு குழந்தைகளுக்கும் தலைக்கு மாதம் ரூ.3,000 என்று நிர்ணயித்து, அதில் தந்தை இரண்டு பங்கும் தாய் ஒரு பங்கும் ஏற்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணின் ஜீவனாம்சம் குறித்து 1986இல் வந்த சட்டம், அவளுடைய குழந்தைகளின் உரிமையைச் சிறிதும் குறைக்காது என்று 1997இல் அதே நீதிமன்றம் கூறியதையும் இங்கே நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

ஆயினும் சம்பளத்தைச் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடும் விகிதம் முழு நியாயமாகாது. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மறுநாள் விடுப்பு எடுப்பவர் எவரோ, பள்ளி விடும் நேரத்துக்காக ஓவர்டைம் வேலையைத் துறப்பவர் எவரோ, வங்கி உத்தியோகத்தில் பதவி உயர்வோடு வெளியூர் மாற்றமும் வருமென்று அஞ்சி அவ்வுயர்வையே வேண்டாமென்று எழுதிக் கொடுப்பவர் எவரோ, அவர் தம் பங்கைப் பணமாகக் கொடாமல் தம் வாழ்நாளின் வளர்ச்சியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் பெரும்பாலும் தாயே; சில இல்லங்களில் தந்தை. எவராயினும் அவ்வுழைப்புக்கு ஈடாக அவரது பணப்பங்கு குறைக்கப்பட வேண்டும். வருமானத்தை மறைத்துக் கூறும் வழக்கத்துக்கு 2020 நவம்பர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தக்க பரிகாரம் வகுத்து, இரு தரப்பாரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டுமென்று பணித்தது. அது எல்லாக் குடும்ப நல நீதிமன்றங்களிலும் தவறாமல் கைக்கொள்ளப்படுவதே எங்கள் வேண்டுகோள்.

இனி, தொகை வளராமல் நிற்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாதம் ரூ.500 என்று விதித்த உச்சவரம்பு, 2001இல்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரிசி விலை என்னவாயிற்று என்பதை எந்தக் குடும்பத் தலைவியும் சொல்வாள். வரம்பு போய்விட்டது, ஆனால் மூன்று வயதில் நிர்ணயித்த தொகை பதின்மூன்று வயதிலும் மாறாமலிருக்கும் அவலம் போகவில்லை. மாற்றக் கோருவதற்குச் சட்டம் இடம் தருகிறதென்பது உண்மையே. ஆனால் அதற்குப் புதிய மனு, புதிய வக்கீல் கட்டணம், புதிய வாய்தாக்கள் என்று தாய் மறுபடியும் நீதிமன்றப் படிக்கட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் உயரவேண்டிய அளவு முதல் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். பள்ளிக் கட்டணமும் பெரிய வைத்தியச் செலவும் மாதத் தொகைக்குள் அடங்காமல், விகிதப்படி நேராகச் செலுத்தப்பட வேண்டும்.

அந்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும், உடல் அல்லது மனக்குறையால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவரைத் தவிர மற்றப் பிள்ளைகளுக்கு, பதினெட்டு வயதோடு ஜீவனாம்சத்தை நிறுத்திவிடுகிறது. மணமாகாத மகளுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது; மகனுக்கு அதுவுமில்லை. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும் தருணத்திலேயே இக்கதவு மூடப்படுவதால், முதற்பட்டம் முடியும்வரை இக்கடமை நீடிக்கும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும்.

பணம் தராததற்காகக் குழந்தையைக் காட்ட மறுப்பதும், காட்டாததற்காகப் பணத்தை நிறுத்துவதும் ஒருங்கே தவறு. நிலுவைத் தொகைக்கு, அது சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யாவிட்டால் வாரண்டு பெற இயலாது என்பதைத் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டும்.

எங்களை மிகவும் வருத்துவது பரஸ்பர சம்மத விவாகரத்தில் நடப்பதே. சீக்கிரம் விடுபட்டால் போதுமென்ற தவிப்பில், ஒரே தவணையில் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, 'குழந்தைக்காக இனி எதுவும் கோரேன்' என்று தாய் கையெழுத்திட்டு விடுகிறாள். தனக்குரியதை அவள் விட்டுக்கொடுக்கலாம். குழந்தைக்குரியதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தாய்க்குமில்லை, தந்தைக்குமில்லை என்பது எங்கள் துணிபு. ஆகவே வழக்கறிஞர்களையும் குடும்ப நல நீதிமன்ற ஆலோசகர்களையும் நாங்கள் வேண்டுவது இதுதான்: இவ்வகை விவாகரத்தின் முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் இடையே சட்டம் வைத்திருக்கும் ஆறு மாத அவகாசத்தில் பெற்றோர் இருவரையும் உட்காரவைத்து, குழந்தையின் செலவுகளைத் தனி ஷரத்தாக எழுதச் செய்த பின்னரே அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.