பழைய படைத்துப்பாக்கியின் விலை

வேங்கிக்காலில் அமைந்துள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகமே திருவண்ணாமலை ஜில்லாவாசிகள் துப்பாக்கி லைசென்சு வேண்டி நாடும் இடமாகும். முன்னைய வட ஆர்க்காட்டிலிருந்து இரு பெரும் யுத்தங்களிலும் அநேகர் படையிற் சேர்ந்தனர். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை இன்றும் சிப்பாய்களின் ஊர் என்றே பெயர்பெற்றுள்ளது. ஆதலின் பாட்டனார் பெட்டியிற் பழந்துப்பாக்கி ஒன்று கிடைப்பின் செய்யத்தக்கது யாது என்னும் வினா நமக்குப் புறம்பானதன்று. அத்தகைய பொருளைக் கண்டவுடன், "இஃது என்ன விலை பெறும்?" என்பர் பலர். "இது யாது?" என்பதையன்றோ முதலிற் கேட்டல் வேண்டும்!

நம் நாட்டிற் பெரிதும் வழங்கிய படைத்துப்பாக்கி லீ-என்பீல்டு என்பது. அதன் குழல்வாய் ·303 அங்குலம். 1907இல் ஏற்கப்பட்ட அதன் மூன்றாம் வகை, இங்கிலாந்தில் மட்டுமன்றி வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. தாழ்க்கைப்பிடியின் கீழே வலப்புறத்து வளையத்தில் முடியும், அரசர் பெயரெழுத்தும், செய்த இடமும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். முடியைக் கண்ட மாத்திரத்தில் மிகப் பழமையென மயங்கலாகாது, ஜி.ஆர்.ஐ. என்னும் எழுத்துக்கள் ஐந்தாம் ஜார்ஜுக்கும் ஆறாம் ஜார்ஜுக்கும் பொதுவானவை. ஆர்.எப்.ஐ. என்றும் 7.62 என்றும் காணின், அது வெள்ளையர் காலத்ததன்று. 1960களில் இஷாப்பூரிற் பிறந்தது. டி.பி. என்றிருப்பின், பயிற்சிக்கன்றிச் சுடுதற்குத் தகுதியற்றதென ஒதுக்கப்பட்டதாம். குழலிலும் உடலிலும் தாழிலும் எண்கள் ஒத்திருப்பின் மதிப்பு மிகும்; வேறுபடின், பிற துப்பாக்கிகளின் உறுப்புக்கள் கலந்தன என்றறியலாம்.

இனி விலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். அமெரிக்காவில் இத்துணை டாலர் என்பது கேட்டு மகிழ்தல் வீண். நம் சட்டப்படி ·303 சாதாரண ஜனங்களுக்கு விலக்கப்பட்டது. நூறாண்டு கடந்த சரித்திரப் பொருளாயின், அதனைத் தனியார் பிறநாட்டுக்கு அனுப்புதலும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. வாங்குவோர் இல்லாத பொருளுக்கு விலை ஏது?

பழமை ஒன்றே காப்பு என்று கருதுவாரும் உளர். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுடவியலாத பழம்பொருளுக்கே விலக்களிக்கின்றது. தடைசெய்த ஆயுதத்தை மறைத்து வைப்போர்க்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஏழாண்டுக்குக் குறையாத சிறைவாசம் விதிக்கின்றது. ஆசையால் ஒளித்தலும், அச்சத்தாற் கிணற்றில் எறிதலும் ஆகிய இரண்டும் பேதைமையே. லைசென்சு பெற்றவர் இறந்தால் அவருடைய ஆயுதத்தைத் தாமதமின்றி அண்மையிலுள்ள போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தல் வேண்டும். அங்ஙனம் ஒப்படைத்தலால் உரிமை அழியாது. உரிமையுள்ளார்க்கு விற்கச்செய்து பணம் பெறுதற்கும் அச்சட்டமே வாரிசுகளுக்கு வழி வகுத்துள்ளது. கணவனை இழந்த பெண்டிர் பலர் இதனை அறியார்; அவர்க்கு எடுத்துரைத்தல் கற்றார் கடன்.

சரித்திரம் பயிலும் நம் மாணவர்க்கு ஒன்று சொல்வோம். அவ்வளையத்துப் பொறிப்பு, ஓர் ஏழைக் குடியானவன் மகன் கடல் கடந்து போர்புரிந்த காலத்திற்குச் சான்றாகும். அதனையும், அவன் பதக்கத்தையும், சேவைப் பத்திரத்தையும் ஒருங்கே குறித்து வைத்தல் வேண்டும். சட்டம் இடந்தரின் வேலூர்க் கோட்டையிலுள்ளது போன்ற அரசாங்க அருங்காட்சியகத்துக்கு அளித்தல் நன்று. இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப் போகும், எழுதி வைத்த வரலாறே எஞ்சும். அதுவே அத்துப்பாக்கியின் மெய்யான விலை என்பது நம் துணிபு.